உத்தமபாளையம் தந்த முதல் மந்திரி

சென்னை மாகாணத்துக்கு ஒரு காலத்தில் உத்தமபாளையத்துக்காரர் ஒருவர் முதல் மந்திரியாக இருந்தார். இந்தச் செய்தி இன்று பலருக்குத் தெரியாது. கம்பம் பள்ளத்தாக்கில் பிறந்து வளர்ந்தவர்களிலேயே பலர் கேட்டால் வியப்படைவார்கள்.

அவர் பெயர் பி. டி. ராஜன். பொன்னம்பல தியாகராஜன் என்பது முழுப் பெயர். வெள்ளைக்கார சர்க்கார் 'சர்' பட்டம் கொடுத்தது. அதனால் சர் பி. டி. ராஜன் என்று ஆனார்.

அவர் முதல் மந்திரியாக இருந்தது சில மாதங்கள்தான். அது பெரிய கதை அல்ல. அதற்குப் பிறகு நடந்ததுதான் கதை. பதவி போயிற்று. கட்சி கைமாறிற்று. கடைசியில் கட்சியின் பெயரும் மறைந்தது. இத்தனையையும் செய்தவர்கள் அவர் கண் முன்னாலேயே உயர்ந்தார்கள், நாடாண்டார்கள். அவர்களைப் பார்த்துக்கொண்டே ராஜன் 37 வருஷம் வாழ்ந்தார்.

தேர்தலில் தோற்பது ஒரு நாள் துன்பம். தோற்கடித்தவரோடு ஒரே ஊரில், ஒரே நாட்டில் காலமெல்லாம் வாழ்வது வேறு துன்பம். பங்காளிச் சண்டையில் வழக்குத் தோற்றவனுக்குத்தான் அது புரியும். எதிராளியின் வரப்பைத் தாண்டித்தானே தினமும் தன் வயலுக்குப் போக வேண்டும்!

பாரிஸ்டர் பட்டம்

முல்லை ஆற்றங்கரையில் இருக்கிறது உத்தமபாளையம். அங்கே காளாத்தீசுவரர் கோயில் பெயர் பெற்றது. ஊரைச் சுற்றிலும் நெல் வயல்கள். மேற்கே மலை. அந்த மலைக்கு அப்பால் பெரியாற்றின் குறுக்கே 1895-ல் அணை கட்டி முடித்தார்கள். கேரளத்துப் பக்கம் ஓடிய தண்ணீர் மலையைக் குடைந்து இந்தப் பக்கம் வந்தது. பள்ளத்தாக்கு செழித்தது.

அணை எழும்பிக்கொண்டிருந்த காலத்தில், 1892-ல், ராஜன் பிறந்தார். செல்வக் குடும்பம். நிலபுலன்கள் ஏராளம். படிப்புக்குப் பிள்ளையைச் சீமைக்கே அனுப்பினார்கள். கேம்பிரிட்ஜ் நகரில் லெய்ஸ் பள்ளி, பிறகு ஆக்ஸ்போர்டில் ஜீஸஸ் கல்லூரி. அங்கே சரித்திரம் படித்தார். பின் சட்டம் படித்தார். 1917-ல் பாரிஸ்டர் ஆனார். ஊர் திரும்பி மதுரையில் வக்கீல் தொழில் தொடங்கினார்.

அந்த நேரம் நாட்டில் பெரிய மாறுதல். 1916-ல் சென்னையில் ஒரு புதிய கட்சி பிறந்திருந்தது. தென்னிந்திய நல உரிமைச் சங்கம் என்பது அதன் பெயர். அந்தக் கட்சி 'ஜஸ்டிஸ்' என்று ஓர் ஆங்கிலப் பத்திரிகை நடத்தியது. பத்திரிகையின் பெயரே கட்சிக்கும் ஒட்டிக்கொண்டது. ஜஸ்டிஸ் கட்சி என்றும் நீதிக் கட்சி என்றும் மக்கள் சொன்னார்கள். சர்க்கார் உத்தியோகத்திலும் படிப்பிலும் பிராமணர் அல்லாதாருக்கு உரிய பங்கு வேண்டும் என்பது கட்சியின் கோரிக்கை. தராசுதான் கட்சியின் சின்னம்.

1920-ல் மாகாணச் சட்டசபைக்குத் தேர்தல் வந்தது. காந்தியடிகளின் ஒத்துழையாமை இயக்கம் நடந்த நேரம் அது. காங்கிரஸ் தேர்தலைப் பகிஷ்கரித்தது. ஜஸ்டிஸ் கட்சி நின்றது, வென்றது. ராஜனுக்கு அப்போது வயது 28. அவரும் சட்டசபைக்குள் நுழைந்தார்.

ஒன்றைச் சொல்ல வேண்டும். அன்று எல்லோருக்கும் ஓட்டு இல்லை. நிலவரியோ வேறு வரியோ கட்டுகிற வசதி உள்ளவர்களுக்குத்தான் ஓட்டு. ஏர் பிடித்தவனும் நாற்று நட்டவளும் ஓட்டுச் சாவடிப் பக்கமே போக முடியாது. ராஜனைச் சட்டசபைக்கு அனுப்பியவர்கள் பள்ளத்தாக்கின் ஏழை ஜனங்கள் அல்ல. இதைப் பின்னால் நினைவில் கொள்ள வேண்டும்.

நாற்காலி

1920 முதல் 1937 வரை 17 வருஷம் அவர் சட்டசபை மெம்பர். 1930-ல் மந்திரி ஆனார். முனுசாமி நாயுடு முதல் மந்திரி. அபிவிருத்தி இலாகா ராஜனிடம் வந்தது. 1932-ல் முனுசாமி நாயுடு போய் பொப்பிலி ராஜா முதல் மந்திரி ஆனார். கட்சிக்குள் கடுமையான பூசல். ஜமீன்தார்கள் ஒரு புறம், மற்றவர்கள் ஒரு புறம். ஆள் மாறினாலும் ராஜன் மந்திரியாகவே இருந்தார்.

1936-ல் பொப்பிலி ராஜா விடுமுறையில் ஐரோப்பா போனார். ஏப்ரல் 4-ந் தேதி ராஜன் முதல் மந்திரி ஆனார். ஆகஸ்டு 24-ந் தேதி வரை அந்தப் பதவியில் இருந்தார். நாலு மாதம் இருபது நாள். பொப்பிலி ராஜா திரும்பியதும் நாற்காலியை அவரிடம் கொடுத்துவிட்டார். உட்கார்ந்த நாற்காலியை எழுந்து கொடுப்பது அரசியலில் சுலபமான காரியம் அல்ல. அதை அவர் கலகம் இல்லாமல் செய்தார்.

மஞ்சள் பெட்டி

1937 தேர்தல் வந்தது.

இந்த முறை காங்கிரஸ் முழு மூச்சோடு களத்தில் இறங்கியது. ராஜாஜி தலைமை தாங்கினார். சத்தியமூர்த்தி ஊர் ஊராகப் போய்ப் பேசினார். அந்தக் காலத்தில் ஓட்டுச் சீட்டில் முத்திரை குத்துகிற வழக்கம் இல்லை. ஒவ்வொரு கட்சிக்கும் ஒரு நிறப் பெட்டி. சீட்டைப் பிடித்த பெட்டியில் போட வேண்டியதுதான். காங்கிரசுக்கு மஞ்சள் பெட்டி. எழுதப் படிக்கத் தெரியாதவர்களுக்கும் மஞ்சள் தெரியுமே! மங்களமான நிறம் வேறு. பட்டி தொட்டி எல்லாம் மஞ்சள் பெட்டி என்பதே பேச்சாயிற்று.

ஜஸ்டிஸ் மந்திரிகள் மீது சுமத்தப்பட்ட குற்றங்கள் பல. அவற்றில் மக்கள் மனதில் தைத்தது சம்பளம். மந்திரிக்கு மாதச் சம்பளம் 4,000 ரூபாய்க்கு மேல். நெல் விலை விழுந்து விவசாயி கடனில் மூழ்கிய காலம் அது. உழவன் வீட்டில் உலை கொதிக்கவில்லை, மந்திரிக்கு மட்டும் இத்தனை ஆயிரமா என்று மேடைதோறும் கேட்டார்கள். வெள்ளைக்காரனுக்குத் தாளம் போடுகிறவர்கள் என்றார்கள். தேசத் துரோகிகள் என்றும் சொன்னார்கள்.

இதில் நியாயம் இல்லாமல் இல்லை. ராஜாஜி ஆட்சிக்கு வந்ததும் மந்திரி சம்பளம் 500 ரூபாய் ஆயிற்று. அது முடியும் என்று காங்கிரஸ் காட்டிவிட்டது.

ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. பெண்களுக்கு ஓட்டுரிமை 1921-ல் வந்தது ஜஸ்டிஸ் ஆட்சியில்தான். சர்க்கார் வேலையில் எல்லா வகுப்பாருக்கும் இடம் என்ற உத்தரவும் அந்த ஆட்சியில்தான் பிறந்தது. கோயில் சொத்துக்களைக் கண்காணிக்கச் சட்டம் செய்தவர்களும் அவர்களே. 17 வருஷம் பாடுபட்டோம், ஒரே வார்த்தையில் துரோகி என்று சொல்லிவிட்டார்களே என்ற மனக்குறை ஜஸ்டிஸ்காரர்களிடம் நெடுநாள் இருந்தது. தோல்வியை மறக்கலாம். பட்டப்பெயரை மறப்பது கடினம்.

முடிவு வந்தபோது கட்சி நொறுங்கிக் கிடந்தது. மொத்தம் 215 இடம். காங்கிரசுக்கு 159. பொப்பிலி ராஜா தம் சொந்த ஊரிலேயே வி. வி. கிரியிடம் தோற்றார். அந்த கிரிதான் பின்னால் இந்திய ஜனாதிபதி ஆனவர். ஜஸ்டிஸ் கட்சியின் பெரிய தலைகள் உருண்டன. ராஜனின் மந்திரி பதவி போயிற்று. அவர் மதுரைக்குத் திரும்பினார்.

தேர்தல் வெறி அந்த ஆண்டோடு அடங்கவில்லை. ஆனாலும் 1939 ஜூலையில் மதுரையில் ஒரு காரியம் நடந்தது. காங்கிரஸ் தலைவர் வைத்தியநாத ஐயர் அரிஜனங்களை அழைத்துக்கொண்டு மீனாட்சி அம்மன் கோயிலுக்குள் போனார். அவர்களைக் கோயிலுக்குள் வரவேற்றவர் நிர்வாக அதிகாரி ஆர். எஸ். நாயுடு. அவர் ஜஸ்டிஸ் கட்சிச் சார்பு உள்ளவர். இரண்டு வருஷத்துக்கு முன் எதிரெதிர் மேடையில் நின்ற இரு தரப்பும் ஒரே கோபுர வாசலில் கூடிய காட்சி அது.

வீட்டுக்கு வந்த விருந்தாளி

ராஜனுக்கு அடுத்த அடி காங்கிரசிலிருந்து வரவில்லை. சொந்த வீட்டுக்குள்ளிருந்து வந்தது.

ஈ. வெ. ராமசாமிப் பெரியார் ஒரு காலத்தில் தமிழ்நாட்டுக் காங்கிரசின் தலைவர். அப்போது ஜஸ்டிஸ் கட்சிக்கு எதிரி. 1925-ல் காங்கிரசை விட்டு வெளியேறினார். சுயமரியாதை இயக்கம் கண்டார். 1937-ல் வந்த ராஜாஜி மந்திரிசபை பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கியது. பெரியார் எதிர்த்துப் போராடிச் சிறை சென்றார்.

தோற்றுப்போன ஜஸ்டிஸ் கட்சிக்கு ஜமீன்தார்கள் இருந்தார்கள், பாரிஸ்டர்கள் இருந்தார்கள். கூட்டம் சேர்க்க ஆள் இல்லை. பெரியாருக்கோ கூட்டம் இருந்தது. 1938 டிசம்பரில் சிறைக்குள் இருந்த பெரியாரையே கட்சி தன் தலைவராகத் தேர்ந்தெடுத்தது. மூழ்குகிறவன் கிடைத்த கட்டையைப் பிடிப்பதுபோலப் பிடித்தார்கள்.

பெரியார் விருந்தாளியாக வரவில்லை. வீட்டை மாற்றிக் கட்டவே வந்தார். 1944 ஆகஸ்டு 27-ந் தேதி சேலத்தில் மாநாடு கூடியது. அண்ணாதுரை ஒரு தீர்மானம் கொண்டுவந்தார். அப்போது அவருக்கு 34 வயது. இனி கட்சியின் பெயர் திராவிடர் கழகம் என்றது மாநாடு. வெள்ளையர் கொடுத்த பட்டங்களைத் துறக்க வேண்டும், கௌரவப் பதவிகளை விட வேண்டும், பெயருக்குப் பின்னால் சாதியைப் போடக் கூடாது என்றது தீர்மானம். அண்ணாதுரை தீர்மானம் என்றே அது பெயர் பெற்றது.

ராஜன் 'சர்' பட்டம் உள்ளவர். தீர்மானத்தின் ஒவ்வொரு வரியும் அவரைப் போன்றவர்களைப் பார்த்து எழுதியது போலவே இருந்தது. இன்னொரு சங்கடமும் உண்டு. ராஜன் பழுத்த சைவர், பக்திமான். பெரியாரோ கடவுளே இல்லை என்றவர். ஒரே கூரையின் கீழ் இரண்டு பேரும் இருக்க முடியாது.

பழைய தலைவர்கள் சிலர் சேலம் முடிவை ஏற்கவில்லை. நாங்களே உண்மையான ஜஸ்டிஸ் கட்சி என்று தனியே நின்றார்கள். 1945-ல் அந்தப் பிரிவுக்கு ராஜன் தலைவர் ஆனார். தராசுக் கொடியை அவர் கீழே வைக்கவில்லை.

இதைப் பிடிவாதம் என்று சிலர் சொல்வார்கள். அது தவறாகாது. தொண்டர் கூட்டம் எல்லாம் பெரியாரோடு போய்விட்டது. ராஜனோடு நின்றவர்கள் பழைய பேர்வழிகள், கையளவு பேர். பொழுது சாய்ந்துவிட்டது என்று எல்லோருக்கும் தெரிந்தது. அவர் மட்டும் விளக்கைக் கையில் பிடித்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருந்தார். பகைவரை மன்னிக்கும் மனநிலை அது அல்ல. வழக்கு இன்னும் முடியவில்லை என்று நினைக்கிறவனின் மனநிலை.

அதற்குள் ஒரு விசித்திரம் நடந்தது. சேலத்தில் ஒன்றாக நின்ற பெரியாரும் அண்ணாவும் ஐந்தே வருஷத்தில் பிரிந்தார்கள். 1949 செப்டம்பரில் அண்ணா திராவிட முன்னேற்றக் கழகம் கண்டார். குருவும் சீடரும் மேடை தோறும் ஒருவரை ஒருவர் தாக்கிக்கொண்டார்கள். முக்கியமாகக் குரு தாக்கினார், சீடர் பெரும்பாலும் பொறுத்தார். தம்மை வெளியே தள்ளியவர்கள் தமக்குள் அடித்துக்கொண்டதைப் பார்க்கும் வாய்ப்பு ராஜனுக்குக் கிடைத்தது. வேறொருவர் என்றால் கை தட்டியிருப்பார்.

ஒற்றை ஆள்

ராஜனின் கவனம் அப்போது வேறு பக்கம் போயிருந்தது. 1950-ல் சபரிமலைக் கோயில் தீக்கு இரையானது. ஐயப்பனுக்குப் புதிய பஞ்சலோக விக்கிரகம் செய்தார்கள். அந்த விக்கிரகத்தைத் தமிழ் ஜில்லாக்களில் ஊர்வலமாகக் கொண்டுவரும் பணியில் ராஜன் முன் நின்றார். நாடக உலகில் புகழ் பெற்ற நவாப் ராஜமாணிக்கமும் அதில் பெரும் பங்கு கொண்டார். 1951-ல் விக்கிரகம் மலையில் பிரதிஷ்டை ஆயிற்று. தமிழ்நாட்டில் ஐயப்ப பக்தி பரவியதற்கு அந்த ஊர்வலம் ஒரு காரணம் என்பார்கள். கார்த்திகை, மார்கழி மாதங்களில் கறுப்பு வேட்டியும் இருமுடியுமாகக் குமுளி நோக்கிப் போகும் கூட்டம் உத்தமபாளையம் வழியாகத்தான் போகிறது. அவர்களில் எத்தனை பேருக்கு ராஜனைத் தெரியுமோ!

பிறகு 1952 தேர்தல். சுதந்திர இந்தியாவின் முதல் பொதுத் தேர்தல். வயது வந்த எல்லோருக்கும் ஓட்டு. ஏர் பிடித்தவனுக்கும் நாற்று நட்டவளுக்கும் ஓட்டு.

ஜஸ்டிஸ் கட்சி 9 இடங்களில் நின்றது. எட்டில் தோற்றது. ஒரு இடத்தில் வென்றது. அது கம்பம் தொகுதி. வென்றவர் பி. டி. ராஜன்!

அவருக்கு அப்போது 60 வயது. வசதி படைத்தவர்கள் மட்டும் ஓட்டுப் போட்ட காலத்தில் மந்திரியாக இருந்தவரை, இப்போது பள்ளத்தாக்கின் சாதாரண ஜனங்கள் தேர்ந்தெடுத்தார்கள். 1937-ல் சூட்டப்பட்ட பட்டப்பெயருக்கு அவர் சொந்த மண் கொடுத்த பதில் இது என்றே சொல்ல வேண்டும். மனதில் இருந்த முள் கொஞ்சம் இளகியிருக்கும்.

சட்டசபையில் அப்போது 375 மெம்பர்கள். காங்கிரஸ் 152, கம்யூனிஸ்டுகள் 62. ஜஸ்டிஸ் கட்சி ஒன்று. யாருக்கும் பெரும்பான்மை இல்லை. முதல் மந்திரி யார் தெரியுமா? ராஜாஜி! 15 வருஷத்துக்கு முன் ராஜனின் கட்சியைத் தோற்கடித்து அந்தப் பதவிக்கு வந்த அதே ராஜாஜி. முன்னாள் முதல் மந்திரி ஒற்றை ஆளாக ஒரு பெஞ்சில், அவரை வீட்டுக்கு அனுப்பிய கட்சியின் தலைவர் எதிரே மந்திரிகள் வரிசையில். ராஜன் அங்கே ஐந்து வருஷம் உட்கார்ந்தார்.

ஒரு கட்சிக்கு ஒரே ஒரு மெம்பர் என்றால் அவர் யாரையும் கவிழ்க்க முடியாது, யாரையும் காப்பாற்றவும் முடியாது. ஆனால் எதிராளிகளின் முகத்தைத் தினம் பார்க்க வேண்டும். வணக்கம் சொன்னால் திருப்பிச் சொல்ல வேண்டும். கோபத்தைக் கரைக்க இதைவிட நல்ல இடம் இல்லை. 1937-க்குப் பிறகு ராஜன் ஊரிலேயே முடங்கியிருந்தால் அவர் கசப்போடுதான் போய்ச் சேர்ந்திருப்பார்.

1954-ல் காமராஜ் முதல் மந்திரி ஆனபோது நடந்ததையும் அவர் அந்தச் சபையிலிருந்தே கண்டார். காங்கிரஸ் சட்டசபைக் கட்சித் தலைமைக்குக் காமராஜை எதிர்த்துப் போட்டியிட்டவர் சி. சுப்பிரமணியம். அவரை ஆதரித்தவர் பக்தவத்சலம். போட்டியில் வென்ற காமராஜ் இரண்டு பேரையும் தம் மந்திரிசபையில் சேர்த்துக்கொண்டார். நாடே அதைப் பேசியது.

வென்றவன் மன்னிப்பது எளிது என்று சிலர் வாதிடுவார்கள். அவனிடம் கொடுக்க ஏதோ இருக்கிறது, மந்திரி பதவி இருக்கிறது. தோற்றவன் கையில் என்ன இருக்கிறது? இந்த வாதம் ராஜனின் விஷயத்தில் சரிதான். அவரிடம் கொடுக்கப் பதவி இல்லை. ஆனால் வேறு சில இருந்தன.

கோயில் திருப்பணி

1957 வரை ராஜன் தம் கட்சிக்குத் தலைவராக இருந்தார். அதன் பிறகு ஜஸ்டிஸ் கட்சி என்ற பெயரில் சட்டசபைக்கு யாரும் வரவில்லை. தராசு மறைந்தது. யாரும் பறிக்கவில்லை, தானாகவே ஓய்ந்தது.

ராஜன் மதுரை மீனாட்சி அம்மன் கோயில் திருப்பணியில் இறங்கினார். திருப்பணிக் குழுவுக்கு அவர்தான் தலைவர். கோபுரங்கள் பழுது பார்க்கப்பட்டன, வண்ணம் பூசப்பட்டன. 1963-ல் கும்பாபிஷேகம் சிறப்பாக நடந்தது. அப்போது ஆட்சியில் இருந்தது காங்கிரஸ். கோயில்கள் சர்க்கார் இலாகாவின் கீழ் இருந்தன. ஆட்சியாளர்களோடு கலந்து பேசாமல் அந்தக் கோயிலில் ஒரு கல்லை நகர்த்த முடியாது. பழைய ஜஸ்டிஸ் தலைவரும் காங்கிரஸ் சர்க்காரும் சேர்ந்தே அந்தக் காரியத்தை முடித்தார்கள். மஞ்சள் பெட்டியின் கசப்பு இதற்குள் தீர்ந்துவிட்டது என்று கொள்ளலாம்.

பெரியார், அண்ணா கணக்கு மட்டும் பாக்கி இருந்தது. அந்நியரோடு சண்டை சீக்கிரம் ஆறும். பங்காளிச் சண்டை ஆற நாளாகும்.

மகன் போன பாதை

தேனி தொகுதியில் 1962-ல் நடிகர் எஸ். எஸ். ராஜேந்திரன் தி. மு. க. சார்பில் நின்று வென்றார். பள்ளத்தாக்கிலும் காற்று திரும்பிவிட்டது. அடுத்த தேர்தல் 1967. அதே தேனித் தொகுதியில் தி. மு. க. நிறுத்திய வேட்பாளர் பழனிவேல் ராஜன். பி. டி. ராஜனின் மகன்!

சற்று நிதானித்துப் பாருங்கள். 1944-ல் தந்தையின் கட்சிப் பெயரை அழிக்கத் தீர்மானம் கொண்டுவந்தவர் அண்ணா. 23 வருஷம் கழித்து அதே அண்ணாவின் கட்சியில் மகன் ஓட்டுக் கேட்கிறார். தந்தை உயிரோடு இருக்கிறார். வயது 75 ஆகப் போகிறது. ஊரில் அவர் சொல்லுக்கு மதிப்பு இருக்கிறது. அந்த வீட்டுப் பிள்ளை உதயசூரியன் கொடியோடு தெருவில் இறங்கினார். வென்றும் விட்டார்.

தமிழ்க் குடும்பங்களில் தகப்பன் தன் பகையை மகனுக்குச் சொத்தாக விட்டுப் போவதுண்டு. அந்த வீட்டில் தண்ணீர் குடிக்காதே என்று சொல்லிவிட்டுச் சாகிறவர்கள் எத்தனை பேர்! ராஜன் நிலத்தையும் பெயரையும் மகனுக்கு விட்டார். பகையை விடவில்லை.

1967-ல் தி. மு. க. பெரும் வெற்றி பெற்றது. அந்தத் தேர்தலும் கசப்பான தேர்தல்தான். பெரியார் காங்கிரசுக்காக ஊர் ஊராகச் சென்று அண்ணாவை எதிர்த்துப் பிரசாரம் செய்தார். காமராஜே விருதுநகரில் தோற்றுப் போனார். வென்ற அண்ணா பதவி ஏற்கும் முன் திருச்சிக்குப் போய்ப் பெரியாரைக் கண்டார். 18 வருஷம் தம்மை ஏசியவரிடம் வாழ்த்துப் பெறப் போனார். பெரியார் வெட்கப்பட்டுப் போனார் என்பார்கள். பிரிந்த குருவும் சீடரும் கூடினார்கள்.

சேலத்தில் நின்ற இருவரும் சேர்ந்தாயிற்று. வெளியே நின்ற மூன்றாமவர் ராஜன். அவர் என்ன செய்தார்?

ஜஸ்டிஸ் கட்சி பிறந்து 50 வருஷம் ஆகியிருந்தது. 1968-ல் கட்சியின் பொன்விழா மலர் ஒன்று வெளிவந்தது. அதை வெளியிட முன் நின்றவர் ராஜன். டி. எம். நாயர், தியாகராயச் செட்டியார், பனகல் ராஜா என்று பழைய தலைவர்களின் காலத்தை அந்த மலர் மீண்டும் நினைவூட்டியது. சரித்திரம் படித்த மனிதர் அல்லவா! ஆக்ஸ்போர்டில் படித்தது 76-வது வயதில் உதவியது.

அண்ணாவின் தீர்மானம் சரி என்று ராஜன் ஒப்புக்கொள்ளவில்லை. தம் கட்சியின் பெயரை அழித்தது தவறு என்ற எண்ணத்தை விடவும் இல்லை. மலரின் மேல் பழைய பெயரைத்தான் போட்டார். ஆனால் அப்போது சென்னையில் முதல் மந்திரி அண்ணா. சட்டசபையில் அண்ணாவுக்குப் பின்னால் ராஜனின் மகன். ஜஸ்டிஸ் கட்சியின் வாரிசு என்று சொல்லிக்கொண்ட ஓர் ஆட்சி நடக்கும்போது, அந்த வாரிசுக்குப் பாட்டனின் கதையைத் தொகுத்துக் கொடுத்தது போல இருந்தது அந்தக் காரியம். வீட்டைப் பிடுங்கிக்கொண்டவனிடமே பழைய பத்திரங்களையும் ஒப்படைத்தார் என்றும் சொல்லலாம். பத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வழக்காடவில்லை.

மன்னிப்பு என்றால் கட்டிப் பிடித்து அழுவது என்று நாம் நினைக்கிறோம். அதுவும் உண்டு. ராஜாஜியும் பெரியாரும் அரசியலில் பரம வைரிகள், வாழ்க்கையில் நண்பர்கள். 1972 டிசம்பரில் ராஜாஜி இறந்தபோது பெரியார் சக்கர நாற்காலியில் வந்து கண்ணீர் விட்டார். அந்தக் காட்சியைக் கண்டு ஊரே உருகியது. ராஜன் அந்த ரகம் இல்லை. அவர் கொஞ்சம் இறுக்கமானவர். பட்டம் பெற்ற பாரிஸ்டர், பழைய காலத்து மரியாதை. பகைவரோடு உறவாட அவருக்கு முப்பது வருஷம் பிடித்தது.

கடைசி வரை

1937-ல் ஆட்சியைப் பறித்த ராஜாஜி 1972-ல் மறைந்தார். கட்சியைக் கைக்கொண்ட பெரியார் 1973-ல் மறைந்தார். கட்சியின் பெயரை மாற்றிய அண்ணாவோ அவர்களுக்கெல்லாம் இளையவர், 1969 பிப்ரவரி 3-ந் தேதியே போய்விட்டார். மூவருக்கும் பின்னால் ராஜன் இருந்தார். 1974 செப்டம்பர் 25-ந் தேதி அவர் காலமானார். வயது 82.

மகன் பழனிவேல் ராஜன் 1996 முதல் 2001 வரை தமிழ்நாடு சட்டசபையின் சபாநாயகராக இருந்தார். சபாநாயகர் கட்சி பார்க்கக் கூடாத நாற்காலி. 2006-ல் அவர் மந்திரியாகி, சில நாட்களிலேயே காலமானார். அவர் மகன் பழனிவேல் தியாகராஜனும் பின்னர் மந்திரி ஆனார். பாட்டனின் பெயர்தான் பேரனுக்கும்.

மதுரையிலும் சென்னையிலும் பி. டி. ராஜன் பெயரில் சாலைகள் இருக்கின்றன. கம்பம் பள்ளத்தாக்கில் அவர் பெயர் தண்ணீரில் இருக்கிறது. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரை மேட்டு நிலங்களுக்குக் கொண்டு செல்லப் பிற்காலத்தில் கால்வாய்கள் வெட்டினார்கள். ஒன்றுக்குப் பி. டி. ஆர். கால்வாய் என்று பெயர். இன்னொன்றுக்குத் தந்தை பெரியார் கால்வாய் என்று பெயர். இரண்டுக்கும் சேர்த்தே சர்க்கார் உத்தரவு போடுகிறது, சேர்த்தே தண்ணீர் விடுகிறார்கள். உத்தமபாளையம், தேனி, போடி வட்டங்களில் 5,000 ஏக்கருக்கு மேல் அந்தத் தண்ணீரில் விளைகிறது.